டெக் கட்ட பெர்மிட் எடுத்த அனுபவம்: ஹோவர்ட் கவுண்டி, மேரிலாந்து

போன மார்ச்சில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வந்த மறுநாள் காலை காபி டம்ளரோடு பின்கதவைத் திறந்து, வீட்டை ஒட்டிய மரத்தளமான டெக்கில் கால் வைத்த அப்பா, அப்படியே நின்று குதிகாலால் இரண்டு தட்டு தட்டினார். "இது ஆடுதேப்பா. கீழ போய் பாத்தியா எப்பவாவது?" என்றார். முப்பது வருடம் பொதுப்பணித் துறையில் இருந்தவர். ஆறு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். நான் ஒரு தடவைகூடக் கீழே போய்ப் பார்த்ததில்லை.

அன்று மாலையே டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கும் டெக் அது. வீட்டுச் சுவரோடு சேரும் பலகையை இங்கே லெட்ஜர் என்பார்கள். டெக்கின் பாதி எடை அதன் மேல்தான் நிற்கிறது. எங்கள் வீட்டு லெட்ஜர் வெறும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் தகடும் இல்லை. போன கோடையில் குழந்தையின் பிறந்தநாளுக்கு இதன் மேல்தான் இருபது பேர் நின்றோம். 2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் லிங்கன் பார்க் பகுதியில் ஒரு விருந்தின்போது அடுக்குமாடி வீட்டின் மரத்தாழ்வாரம் இடிந்து 13 பேர் இறந்தது நினைவுக்கு வந்தது. அன்றிரவு பின்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துவிட்டேன்.

பழுது பார்க்கும் நிலையில் இல்லை, பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு வாரம் ஆனது. மூன்று பேரிடம் விலை கேட்டேன். அவர்களில் ஒருவர், "பெர்மிட் எடுக்காமல் செய்தால் சீக்கிரம் முடியும், விலையும் குறையும்" என்றார். அவரை அத்தோடு விட்டேன். பெர்மிட் இல்லாமல் கட்டினால் பின்னால் வரும் பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில்தான். மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டியின் பழைய பதிவுகளில் என் முகவரியைத் தேடினேன். நான் வாங்குவதற்கு முன் கட்டப்பட்ட அந்த டெக்குக்கு பெர்மிட் எடுத்த பதிவே கிடைக்கவில்லை. அப்படியானால் அஸ்திவாரக் குழியை யாரும் பார்க்கவில்லை, அந்த ஆணியை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பதிவுகளைப் பார்த்த பிறகுதான் வேலையை நானே செய்வது, பெர்மிட்டையும் நானே எடுப்பது என்று உறுதியாக முடிவு செய்தேன். மேரிலாந்தில் வீட்டு வேலை செய்யும் ஒப்பந்தக்காரருக்கு மாநில உரிமம் வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டில் தானே வேலை செய்கிறவருக்கு அது தேவையில்லை. பெர்மிட் மட்டும் இருவருக்கும் பொது.

பெர்மிட்டை எங்கே கேட்பது என்பதிலேயே புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பம் வரும். நாங்கள் இருப்பது கொலம்பியா. ஜேம்ஸ் ரவுஸ் என்பவர் திட்டமிட்டு 1967இல் தொடங்கிய ஊர். லட்சம் பேர் வாழ்ந்தாலும் சட்டப்படி இது நகராட்சி இல்லை. ஹோவர்ட் கவுண்டி முழுவதிலுமே நகராட்சி என்று ஒன்று கிடையாது. கவுண்டி அலுவலகம் இருக்கும் எலிகாட் சிட்டிகூடப் பெயரில்தான் சிட்டி. அதனால் கட்டட அனுமதி எல்லாமே கவுண்டியிடம்தான். ஆனால் கொலம்பியாவில் இன்னொரு படியும் உண்டு. ஊர் பல 'வில்லேஜ்'களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீட்டின் வெளித்தோற்றத்தை மாற்றினால் அந்தந்த வில்லேஜின் குழுவிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அது பத்திரத்தோடு வரும் நிபந்தனை, கவுண்டி பெர்மிட் தனி. ஒன்றை வாங்கினால் இன்னொன்று வந்ததாக ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிற நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

வில்லேஜ் விண்ணப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களின் கையெழுத்து கேட்டிருந்தார்கள். பல வருடம் கையசைத்ததோடு சரி, அன்றுதான் பின்வீட்டுக்காரரோடு முதல் முறையாக அரைமணி நேரம் பேசினேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என் டெக்கும் அதே காலத்தில் கட்டியதுதான்" என்றார்.

அடுத்தது மனையின் படம். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள் என்று நினைக்கிறேன். வீடு வாங்கும்போது பத்திரக் கட்டில் ஒரு படம் கொடுப்பார்கள். மனை, அதில் வீடு, பக்கத்தில் சில அளவுகள். நான் அதைச் சர்வே என்று நம்பிக்கொண்டிருந்தேன். எடுத்து நிதானமாகப் படித்தால், அது 'லொகேஷன் டிராயிங்'. வேலி போடவும் எதிர்காலக் கட்டுமானத்துக்கும் இதை நம்பக் கூடாது என்று அதன் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அளவுகளில் சில அடிகள் முன்பின் இருக்கலாம் என்ற குறிப்பும் உண்டு. கடன் கொடுக்கும் வங்கிக்கு வீடு இந்த மனையில்தான் இருக்கிறது என்று காட்ட வரைந்தது அது.

பதிவான மனைப்படம் வேண்டுமென்றால் மேரிலாந்து மாநில ஆவணக் காப்பகம் நடத்தும் பிளாட்ஸ் டாட் நெட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாநிலத்தின் சொத்துத் தேடல் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் பிளாட் எண், அதாவது பதிவான மனைப்படத்தின் எண், வரும், அதை வைத்து இங்கே தேடலாம். எங்கள் பகுதியின் படத்தைத் திறந்தபோது மனையின் பின்பக்கம் ஒரு பட்டை கோடிட்டிருந்தது: மழைநீர் வடிகாலுக்கும் குழாய்களுக்கும் ஒதுக்கிய உரிமைப்பகுதி. நிலம் என்னுடையது, ஆனால் அதன் மேல் நான் எதுவும் கட்டக் கூடாது. லொகேஷன் டிராயிங்கில் அந்தப் பட்டையே இல்லை! நான் மனதில் வைத்திருந்த 14 அடி ஆழமுள்ள, அதாவது சுவரிலிருந்து 14 அடி வெளியே நீளும், டெக் அதன் விளிம்புக்கு மிக அருகில் போகும். 12 அடியாகக் குறைத்தேன். இப்போது அளவில் சில அடி பிசகினாலும் பட்டையைத் தொடாது. இடம் அதைவிட நெருக்கமாக இருந்திருந்தால் உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து எல்லையை அளந்திருப்பேன். அந்தச் செலவை மிச்சப்படுத்த நினைப்பது சரியில்லை.

சரி, இனி வரைபடம். 16 அடி அகலம், 12 அடி ஆழம். கவுண்டி கேட்பது ஓவியம் இல்லை. எந்த மரம் எவ்வளவு தூரம் தாங்குகிறது, எதன் மேல் உட்காருகிறது, எதனால் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான். மேலிருந்து பார்க்கும் சட்டகப் படம், பக்கவாட்டு வெட்டுப் படம், இணைப்புகளின் பெரிதாக்கிய படங்கள், மனைப்படம். கிராஃப் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று பென்சிலால் வரைந்து ஸ்கேன் செய்தேன். மென்பொருள் எதுவும் பயன்படுத்தவில்லை.

குடியிருப்புக் கட்டடங்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பில் டெக்குக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அமெரிக்க மர மன்றம் வெளியிட்ட இலவச வழிகாட்டி ஒன்றும் உண்டு. அதிலுள்ள அட்டவணைகளோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். குறுக்குச் சட்டங்களுக்கு, அதாவது ஜாயிஸ்ட்களுக்கு, இரண்டுக்கு எட்டு அங்குல மரம் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். தெற்கத்திப் பைன் மரம், 16 அங்குல இடைவெளி என்றால் இரண்டுக்கு எட்டு தாங்கும் தூரம் 11 அடி 10 அங்குலம். என் டெக் 12 அடி. உத்தரத்தை ஓர் அடி உள்ளே தள்ளி, சட்டங்களை அதற்கு மேல் ஓர் அடி நீட்டிவிட்டால் தூரம் 11 அடியாகக் குறையும். ஆனாலும் விளிம்பில் நிற்பதுபோல் தோன்றியதால் இரண்டுக்குப் பத்து போட்டேன். அது 14 அடி வரை தாங்கும். நடக்கும்போது துள்ளாது, அம்மாவுக்கு அது முக்கியம்.

உத்தரத்துக்கு மூன்று தூண், இடையில் எட்டெட்டு அடி. இரண்டுக்குப் பத்து மரங்கள் இரண்டைச் சேர்த்து உத்தரமாக்கினால் என் டெக்குக்கு அட்டவணை அனுமதிப்பது 7 அடி 4 அங்குலம்தான். எட்டு அங்குலம் குறைகிறது. இரண்டுக்குப் பன்னிரண்டு என்றால் 8 அடி 7 அங்குலம். ஆகவே பன்னிரண்டு. இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் காரணமாக நிற்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை கூடியது.

குழி எவ்வளவு அகலம்? இதை அப்பாதான் கையால் போட்டார். நடுத்தூண் சுமக்கும் பரப்பு: ஒரு பக்கம் 11 அடியில் பாதி 5½, அதோடு நீட்டிய ஓர் அடி, மொத்தம் 6½. அதை 8ஆல் பெருக்கினால் 52 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு ஆட்களும் நாற்காலிகளுமாக 40 பவுண்டு, மரத்தின் எடை 10 பவுண்டு. ஆக 2600 பவுண்டு. மண் ஒரு சதுர அடிக்கு 1500 பவுண்டு தாங்கும் என்று வைத்தால் 1.73 சதுர அடி வேண்டும். 18 அங்குல விட்டமுள்ள வட்டம் 1.77 சதுர அடி. 16 அங்குலம் என்றால் 1.4, போதாது. "பதினெட்டு போடு" என்றார். ஆழம் 30 அங்குலம். குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பி அஸ்திவாரத்தைத் தூக்கிவிடாமல் இருக்க, உறையும் ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். ஊரில் எத்தனையோ கட்டடங்களுக்கு வானம் தோண்டிப் பார்த்தவருக்கு இந்தக் காரணம் மட்டும் புதிது. பல முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இணையத்தில் விண்ணப்பத்தை ஏற்றினேன். திருத்தக் குறிப்போடு திரும்பி வந்தது. ஒரே ஒரு குறிப்பு, ஆனால் முழு வரைபடத்தையும் மாற்றவைத்த குறிப்பு: "லெட்ஜர் துருத்திய பகுதியில் பொருத்தப்பட்டுள்ளது. அனுமதியில்லை."

எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஜன்னலோடு சுவர் ஐந்தடி அகலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே அஸ்திவாரம் இல்லை. வீட்டின் தரைச்சட்டங்களே வெளியே நீண்டு, அந்தரத்தில் அதைத் தாங்குகின்றன. அந்த நீட்டத்தின் நுனியில் டெக்கின் எடையையும் ஏற்றினால், தனக்காக மட்டும் கணக்கிடப்பட்ட சட்டத்தின் மேல் கூடுதல் பாரம். நான் படத்தில் லெட்ஜரை அதன் முகத்திலும் சேர்த்து நேராக இழுத்திருந்தேன். ஆறு வருடமாக அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும், அதற்கு அடியில் ஒன்றும் இல்லை என்பதை நான் யோசித்ததில்லை.

வழி இரண்டு. டெக்கை வீட்டைத் தொடாமல் தனியாக நிறுத்தலாம். ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் வரும் தூண்களின் குழி வீட்டு அஸ்திவாரத்தின் மட்டம் வரை இறங்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. வீடு கட்டும்போது தோண்டி மீண்டும் நிரப்பிய மண் அங்கே தளர்வாக இருப்பதுதான் காரணம். எங்களுக்கு நிலத்தடித் தளம் (பேஸ்மென்ட்) இருப்பதால் ஏழெட்டு அடி தோண்ட வேண்டியிருக்கும். இரண்டாவது வழி, துருத்தலைச் சுற்றிப் போவது. இரண்டு பக்கமும் சுவரில் லெட்ஜர், துருத்தலின் இரு ஓரத்திலும் இரட்டைச் சட்டம், அவற்றுக்கு நடுவே ஒரு குறுக்குவிட்டம், நடுவிலுள்ள ஜாயிஸ்ட்கள் அந்தக் குறுக்குவிட்டத்தில் வந்து தொங்கும். ஆறடி வரை இதற்கு வழிகாட்டியிலேயே படம் இருக்கிறது. எங்களுடையது ஐந்து. புதிதாக வரைந்து அனுப்பினேன், பெர்மிட் வந்தது. அட்டையைத் தெருவிலிருந்து தெரியும்படி முன் ஜன்னலில் ஒட்டினேன்.

தோண்டுவதற்கு முன் 811. அமெரிக்கா முழுவதும் ஒரே எண், இலவசம். மேரிலாந்தில் முழுதாக இரண்டு வேலைநாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு தொலைத்தொடர்பு, நீலம் குடிநீர், பச்சை கழிவுநீர் என்று புல்லில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். இடது ஓரக் குழிக்கு இரண்டடி தள்ளி ஓர் ஆரஞ்சுக் கோடு விழுந்தது. நிறுவனங்களின் இணைப்புகளைத்தான் அவர்கள் குறிப்பார்கள். வீட்டுக்காரர் தானே தோட்டத்துக்குப் புதைத்த மின்கம்பி போன்றவை அதில் வராது.

பழைய டெக்கைப் பிரித்தபோது பயந்தது கண்ணெதிரே வந்தது. தகடு இல்லாத லெட்ஜருக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி, வீட்டின் ஓரச்சட்டம் மூன்றடி நீளத்துக்கு உளுத்திருந்தது. திருப்புளியை அழுத்தினால் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. பெர்மிட்டில் இந்த வேலை இல்லை. உடனே கவுண்டிக்குத் தெரிவித்து, படம் அனுப்பி, அதையும் சேர்த்துக்கொண்டேன். மேல்தளத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை என்பதால், அதை மட்டும் உரிமம் உள்ள ஒரு தச்சரிடம் கொடுத்தேன்.

குழி மூன்றையும் கையால்தான் தோண்டினேன். இங்கே செம்மண் கலந்த களிமண், கடப்பாரை இல்லாமல் நடக்காது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஆய்வாளர் குழியைப் பார்க்க வேண்டும், ஊற்றிவிட்டால் பார்க்க ஒன்றுமிருக்காது. ஆய்வுக்கு முந்தைய இரவு நல்ல மழை. ஒட்டுப்பலகையால் மூடியிருந்தும், ஓரமாக வழிந்து இரண்டு குழியில் அரையடி தண்ணீர். காலை ஆறு மணிக்கு வாளியால் இறைத்தேன். அது போதாது என்று அப்பா சொன்னார்: ஊறிய மண் அடியில் கஞ்சிபோல் கிடக்கிறது, அதன் மேல் ஊற்றினால் காய்ந்ததும் இறங்கும். கெட்டி மண் தட்டும்வரை மூன்று அங்குலம் மேலும் சுரண்டி எடுத்தோம். ஆய்வாளர் ஒரு கம்பியால் அடியைக் குத்திப் பார்த்தார், டேப்பை விட்டு அளந்தார், கையெழுத்துப் போட்டார். நான்கு நிமிடம்.

கான்கிரீட் 80 பவுண்டு மூட்டை ஒன்றுக்கு 0.6 கன அடி வரும். 30 அங்குலத்துக்கு மூன்று குழிக்கும் 22 மூட்டை என்று கணக்கு வந்தது. கூடுதலாகச் சுரண்டியதற்கும் சேர்த்து 26 வாங்கினேன், ஒரு மூட்டை மிஞ்சியது. தூணை மண்ணில் புதைக்கவில்லை. கான்கிரீட் தலையில் இரும்புப் பாதம் பொருத்தி அதன் மேல் நிறுத்தினேன்.

லெட்ஜருக்கு ஒரு முழுநாள் கொடுத்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை. சுவரின் வெளித்தகட்டை வெட்டி எடுத்து, நேரே மரத்தோடு மரம் சேரும்படி பலகையை வைத்து, அரை அங்குல விட்டமுள்ள, லேக் எனப்படும் பெரிய திருகுகளை 15 அங்குலத்துக்கு ஒன்றாக, மேலே ஒன்று கீழே ஒன்று என மாற்றி மாற்றி முறுக்கினேன். மேலே தகடு. அலுமினியத் தகடு வேண்டாம். மரத்தைப் பதப்படுத்தும் மருந்திலுள்ள செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். பிளாஸ்டிக் தகடு போட்டேன். திருகும் ஆணியும்கூடத் துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். டெக் வீட்டைவிட்டு விலகி இழுக்காமல் இருக்க நான்கு இடத்தில் இழுவிசைப் பிணைப்புகள், ஒவ்வொன்றும் 750 பவுண்டு இழுவையைத் தாங்கும். சட்டக ஆய்வு ஒரே தடவையில் முடிந்தது.

கடைசி ஆய்வில் விழுந்தேன். படி.

நாலடி உயரத்தை ஏழு படி உயரங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. படிகளைத் தாங்கும் பக்கச்சட்டத்தை அந்தக் கணக்கில் துல்லியமாக வெட்டினேன். ஆனால் அதன் மேல் மிதிபலகை உட்காரும்போது ஒவ்வொரு படியும் ஓர் அங்குலம் உயர்கிறது. நடுப்படிகளில் அது தெரியாது, எல்லாம் சேர்ந்தே உயர்வதால். முதல் படி மட்டும் தரையிலிருந்து ஓர் அங்குலம் அதிகமாகிவிடும், மேல் படி அதே அளவு குறைந்துவிடும். அதற்காகத்தான் பக்கச்சட்டத்தின் அடியை மிதிபலகையின் கனம் அளவுக்கு முன்கூட்டியே அறுத்து இறக்குவார்கள். நான் அறுக்கவில்லை. படிகளுக்குள் உயர வித்தியாசம் ⅜ அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஆய்வாளர் டேப்பை முதல் படியிலும் கடைசிப் படியிலும் வைத்தார், எழுதினார். "கால் எண்ணிக்கொண்டே இறங்கும், கடைசியில் தப்பினால் விழுவார்கள்" என்று விளக்கினார். அம்மா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சட்டங்களைக் கழற்றி, அடியை ஓர் அங்குலம் அறுத்து, திரும்பப் பூட்ட ஒரு சனிக்கிழமை போனது. கையோடு படியின் கைப்பிடியையும் மாற்றினேன். படுக்கவைத்த இரண்டுக்கு ஆறு பலகையைக் கையால் சுற்றிப் பிடிக்க முடியாது. விரல் வளைந்து பிடிக்கும் உருண்டைக் கம்பிதான் கைப்பிடி. இதை ஆய்வாளர் சொல்வதற்கு முன் நானே வழிகாட்டியில் படித்திருந்தேன், ஆனாலும் பலகையே போதும் என்று விட்டிருந்தேன். கிராதியின் குச்சிகளுக்கு நடுவே நாலு அங்குலப் பந்து நுழையக் கூடாது என்ற விதிக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே மரத்துண்டு ஒன்றை 3¾ அங்குலத்துக்கு வெட்டி, இடையில் வைத்து வைத்து அடித்ததால் ஒன்றும் பிசகவில்லை.

இரண்டாவது வருகையில் கையெழுத்தாகி பெர்மிட் முடிந்தது. வரைபடம், திருத்தக் குறிப்பு, ஆய்வுத் தாள்கள், மூடும் முன் எடுத்த குழியின் படங்கள், தகடு போடும் முன் எடுத்த லெட்ஜரின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். அடுத்து இந்த வீட்டை வாங்குகிறவர் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுக்க வேண்டியிருக்காது.

போன ஞாயிறு பின்வீட்டுக்காரர் வேலியோரம் வந்து, ஒரு நிமிடம் வர முடியுமா என்று கேட்டார். அப்பாவும் வந்தார். மூவரும் அவருடைய டெக்குக்கு அடியில் குனிந்து போனோம். டார்ச்சை அவரிடமே கொடுத்து, லெட்ஜரைக் காட்டினேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளிச்சத்தை மெதுவாக நகர்த்தினார். ஆணிதான். வரும் சனிக்கிழமை அவர் வீட்டு மனைப்படத்தைத் தேடி எடுத்து, டேப்போடு போவதாகச் சொல்லியிருக்கிறேன்.